உப்பில்லாத இரண்டு துண்டு

ரொட்டிக்கடைக்காரர் பெண்டாட்டியிடம் ரொட்டியைக் குறை என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"உட்காருங்கம்மா. நான் இன்னும் முடிக்கலை" என்றாள் அந்த டயட்டீஷியன் பெண். சின்னப் பெண்தான். கண்ணாடி மூக்கின் நுனியில் நின்றது. என் ரத்தப் பரிசோதனைத் தாள்களை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். என் சிறுநீரகம் இரண்டும் களைத்துப்போயிருக்கின்றன, கெட்டுப்போகவில்லை, பார்த்து நடந்துகொண்டால் பல வருஷம் ஓடும் என்று பெரிய டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று சொல்லத்தான் என்னை இவள் அறைக்கு அனுப்பியிருந்தார்.

"முடிக்க என்ன இருக்கு? காலையில கடையைத் திறந்ததும் சூடா வர்ற ரொட்டியைப் பிச்சுத் திங்கறதுக்குத்தான் நான் எழுந்திரிக்கறதே. அதையும் வேண்டாம்னா நான் எதுக்கு எழுந்திரிக்கணும்?"

"வேண்டாம்னு யார் சொன்னது? சாப்பிடுங்க. வெள்ளை ரொட்டியே சாப்பிடுங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளை ரொட்டியைச் சாப்பிடு என்று ஒருத்தர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தவிட்டு ரொட்டியின் மகிமையை எனக்குப் பாடம் எடுத்துவிட்டுத்தான் போவார்கள். இவளோ, மற்றவர்களுக்குத் தவிடு நல்லதுதான், ஆனால் அதில் இருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் உங்கள் நிலைமையில் உங்களுக்கு ஆகாது, உங்களுக்கு வெள்ளைதான் என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆனா உப்பு" என்றாள்.

"ரொட்டியில எங்க இருக்கு உப்பு?"

"எல்லா ரொட்டியிலயும் இருக்கு. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரரே போடறவர்தானே? உங்களுக்குன்னு தனியா உப்பில்லாம ஒண்ணு போடச் சொல்லுங்க. காலையில ரெண்டு துண்டு. முதல்ல சப்புனு இருக்கும். கொஞ்ச வாரம் போனா நாக்கு பழகிடும்."

என் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆகவே நானும் பெரும்பாலும் அப்படியே. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ஆள். பேச வேண்டியதையெல்லாம் கையால் பேசுவார். மாவு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் கை சொல்கிற கணக்குதான். தராசு ஒன்று இருக்கிறது. அதன் மேல் அவர் தோள் துண்டைப் போட்டு வைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மாவு மூட்டையை ஒரு பார்வை பார்த்தார். "உப்பில்லாமலா" என்றார். அதோடு சரி.

மறுநாள் காலை, கண்ணாடி அலமாரியின் மேல் ஒரு குட்டி ரொட்டி தனியாக உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு கீறல், அடையாளத்துக்கு. கடை ரொட்டி அடுப்பில் ஏறுவதற்கு முன்பே எனக்கென்று தனியாகப் பிசைந்து சுட்டிருந்தார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, துணியைத் தின்னத் தயாராகிறவள் போல ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன்.

நன்றாக இருந்தது. ஏதோ பரவாயில்லை என்கிற ரகமில்லை. அப்படியே ரொட்டி மாதிரி இருந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, விழுங்கிய பிறகும் வாயில் ருசி நின்றது.

"எப்படி இருக்கு?" என்று மாஸ்டர் அடுப்பு வாசலில் இருந்தே கேட்டார்.

"அமிர்தமா இருக்கு."

அவர் நம்பவில்லை. தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். நானோ வேறு கணக்குப் போட்டேன். நாக்கு பழக மற்றவர்களுக்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். என் நாக்கு கெட்டிக்கார நாக்கு, ஒரே ராத்திரியில் பழகிவிட்டது. ரொட்டியோடு பிறந்து ரொட்டியோடு வாழ்கிற நாக்கு இல்லையா.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் மற்ற சாப்பாடெல்லாம் உப்புச் சப்பில்லாமல்தான் இருந்தது. பொட்டாசியம் போகக் காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் சக்கையைத் தட்டில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி விழுங்குவேன். சோறு தொண்டையில் நின்று யோசித்துவிட்டு இறங்கும். அதனால் என்ன, காலையில் ரொட்டி இருக்கிறதே என்று பொறுத்துக்கொண்டேன். இரண்டு துண்டு என்று சொன்னாள் அந்தப் பெண். துண்டு எவ்வளவு தடிமன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கவுண்ட்டரில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்தேன். பக்கத்துக் கடை சலூன்காரர் தினமும் காலை பன் வாங்க வருவார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்னக்கா, ஆஸ்பத்திரி ரொட்டியா?" என்றார் ஒருநாள்.

"உங்களுக்கெல்லாம் உப்பைத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. மாவோட ருசி உங்களுக்கு எங்க தெரியப்போகுது" என்றேன்.

நாத்தனார் உள்ளே மாவை உருட்டிக்கொண்டே சிரிப்பாள். மாஸ்டரின் ஒரே தங்கை. கடையில் உருட்டி, அச்சில் வைத்து, ஆறியதும் வெட்டுவது அவள் வேலை. மாஸ்டர் பிசைந்து முடித்த பிறகுதான் வருவாள். "அண்ணி, உங்க வைத்தியர் ரொட்டியை எனக்குக் காட்டக்கூட காட்டாதீங்க. பார்த்தாலே காய்ச்சல் வந்துடும்போல இருக்கு" என்பாள். மாஸ்டரும் அதைத் தொடுவதில்லை. அது அவளுடைய மருந்து, அளவாக இருக்கிறது, அதில் நான் வாய் வைப்பதா என்பது அவர் நியாயம்.

ஆகவே அந்த ரொட்டியை இந்த உலகத்தில் சாப்பிட்ட ஒரே ஆள் நான்தான்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும் முன்பே செருப்பு வார் காலில் பதிய ஆரம்பித்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெல்லத்தான் எழும்பியது. நின்றுகொண்டே வேலை பார்க்கிறோம், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். டயட்டீஷியன் பெண் அப்படி நினைக்கவில்லை. பிரஷர் ஏறியிருந்தது. என் காலை அழுத்திப் பார்த்தாள். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஊறுகாய்? இல்லை. கடையில் வாங்கிய நொறுக்குத்தீனி? இல்லை. சூப் பொடி? வாசலில்கூட விடவில்லை.

"அப்ப ரொட்டிதான்" என்றாள்.

"அதுல உப்பே கிடையாது."

"முதல்ல சாப்பிட்டப்ப எப்படி இருந்தது? சப்புனு இருந்துதா?"

"அதெல்லாம் இல்லை. முதல் நாளே பிடிச்சுப்போச்சு. என் நாக்கு அப்படி."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "முதல் நாளே யாருக்கும் பிடிக்காதும்மா. எனக்கே பிடிக்காது. கொஞ்ச நாளைக்கு ரொட்டியை நிறுத்துங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என் வீட்டுக்காரர் பொய் சொல்றார்ங்கறீங்களா? அவருக்குப் பொய் சொல்றதுன்னா வாயைத் திறக்கணும். அதுக்கே அவர் சோம்பேறித்தனப்படுவார்."

"பொய்னு நான் சொல்லவே இல்லை. பிசையும்போது யாராவது பக்கத்துல நின்னு பார்த்தீங்களா?"

"கட்டின புருஷனைக் காவல் காக்கறதா?"

"ஒரு தடவை பாருங்களேன். ரொட்டியை நீங்க விடவேண்டாம்னுதான் நானும் பார்க்கறேன்."

வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். ஆனால் அடியில் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. காலின் வீக்கத்தைப் பற்றிய பயமில்லை அது. ரொட்டி போய்விடும் என்ற பயம். மற்றதெல்லாம் போய்விட்டது, மிச்சம் இது ஒன்றுதான். இதுவும் போனால் அந்தச் சக்கையோடும் சுவரோடும்தான் இனி காலம் தள்ள வேண்டும் என்று நினைத்தபோது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரொட்டிக்காக அழுகிறவளைப் பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டரின் முகம் சுருங்கிப்போயிற்று.

"என் மேலயே சந்தேகமா?"

"எனக்கு இல்லைங்க. அந்தப் பொண்ணுக்கு."

"உனக்கும்தான். முகத்துல எழுதி ஒட்டியிருக்கு."

நாத்தனார் கையைத் தட்டி மாவை உதறினாள். "எதுக்கு ரெண்டு பேரும் முட்டிக்கறீங்க? அண்ணே, நாளைக்கு நானும் அண்ணியும் சீக்கிரமே வந்து நிக்கறோம். எங்க கண் முன்னாடி பிசைஞ்சிடு. கதை முடிஞ்சுது."

மறுநாள் விடிந்ததும் நாங்கள் இருவரும் மேசைக்கு எதிரே, இரண்டு மாவு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டோம். மாஸ்டர் எங்களைப் பார்க்கவே இல்லை. ரோஷம் தலைக்கு ஏறியிருந்தது. பாத்திரத்தைத் துடைத்து, உள்பக்கத்தை எங்களிடம் காட்டினார். மாவைப் போட்டார், காட்டினார். தண்ணீரை ஊற்றினார். ஈஸ்டைப் போட்டார். பிறகு வலது கை மாவுக்குள் இறங்கியது. அது இறங்கியதும் அவர் எங்களை மறந்துவிட்டார். பார்வை எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எப்போதும் அப்படித்தான், மாவு கைக்கு வந்துவிட்டால் வீடு தீப்பற்றினாலும் தெரியாது.

வலது கை மாவை மடித்தது, அமுக்கியது, திருப்பியது. மாவு ஒன்றுசேர்ந்து பாத்திரத்தை விட்டுப் பிரிகிற நேரம், இடது கை எழுந்தது. மேசையின் இடது ஓரத்தில் சுவரோடு ஆணி அடித்த மரப்பெட்டி இருக்கிறது, மூடி இல்லாதது. கை அதற்குள் போயிற்று. மூன்று விரலால் கொஞ்சம் எடுத்தது. மாவின் மேல் ஒரு சுற்றுத் தூவியது. மறுபடி பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

நானும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடை மாவுக்கு அந்தக் கை பிடி பிடியாக அள்ளும். இந்தச் சின்ன மாவுக்கு மூன்று விரல். ஆளைக் கேட்காமலேயே அதுவாகப் பார்த்து, அதுவாக அளந்து போட்டிருக்கிறது. ரொட்டி அமிர்தமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

மாஸ்டர் பிசைந்து முடித்தார். உருண்டையைத் தூக்கி எங்கள் முன்னால் வைத்தார். "போதுமா? போட்டேனா உப்பு?"

"போட்டே அண்ணே" என்றாள் நாத்தனார்.

"விளையாடாதே."

"போட்டீங்க" என்றேன் நான். "இடது கையால."

அவர் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் இரண்டு உப்புப் பரல் ஒட்டிக்கொண்டிருந்தது. மாவில் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்தார். நான் இந்த மனிதரை எத்தனையோ விதத்தில் பார்த்திருக்கிறேன். அடுப்பு இடிந்து விழுந்த அன்றுகூட அவர் முகம் இப்படி ஆனதில்லை. மெல்ல மேசையைச் சுற்றி வந்து, நான் உட்கார்ந்திருந்த மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தினமும் போட்டிருக்கேன்" என்றார். "தினமும் என் கையாலயே உனக்கு... உன் கால் வீங்கினது என்னாலதானா?"

எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம்தான். வந்தது, ஆனால் அவர் மேல் வரவில்லை. "அப்ப என் நாக்கு கெட்டிக்கார நாக்கு இல்லையா?" என்று கேட்டேன். ஊரெல்லாம் அடித்த பெருமை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நாத்தனார் அதற்கு மேல் அடக்க முடியாமல் மூட்டையிலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் ரொட்டியை நிறுத்தினேன். வேறு வழியில்லை. மாஸ்டர் கையை நம்பத் தயாராக இல்லை. பெட்டியை இடம் மாற்றிவிட்டால் போதும் என்று நாத்தனார் யோசனை சொன்னாள். அவளே ஆணியைப் பிடுங்கி, பெட்டியை மேல் அலமாரிக்குக் கொண்டுபோனாள். மறுநாள் கை வழக்கம் போல இடது ஓரத்துக்குப் போயிற்று. வெறும் காற்றை அள்ளியது. காற்றைத் தூவிவிட்டுத் திருப்தியாகத் திரும்பி வந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை. கடை ரொட்டி மொத்தமும் உப்பில்லாமல் வெளியே போய்விட்டது.

முதலில் வந்தவர் சலூன்காரர். பாதி கடித்த பன்னைக் கவுண்ட்டரில் வைத்தார்.

"என்னக்கா இது? இன்னிக்கு ஊருக்கே கிட்னியா?"

அன்று முழுவதும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்தது. சாயங்காலமே பெட்டி பழைய ஆணியில் ஏறிவிட்டது. சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று விற்கிறார்களே, அதை அண்ணிக்குப் போட்டால் என்ன என்று நாத்தனார் அடுத்த யோசனையை எடுத்தாள். போன் போட்டு டயட்டீஷியன் பெண்ணைக் கேட்டேன். "ஐயோ, தொடாதீங்க" என்றாள். அதில் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்குமாம், எனக்கு உப்பைவிட மோசமாம். சரி, அதுவும் போயிற்று. கை விஷயத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனைத் தள்ளி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் மாஸ்டர்தான். எனக்கான மாவை இனிக் கடையில் பிசைவதில்லை, மாடியில் வீட்டுச் சமையலறையில்தான் என்று முடிவு செய்தார். அங்கே இடது பக்கம் ஜன்னல்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நாத்தனாரைக் காவலுக்கு நிறுத்தினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிற்பாள். இடது கை சும்மா அசைந்தாலே "அண்ணே" என்று ஒரு அதட்டல் போடுவாள்.

உப்பில்லாத மாவு கட்டுக்கு அடங்காது என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உப்புத்தான் ஈஸ்டுக்குக் கடிவாளமாம். அது இல்லாமல் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்து, அடுப்பில் வைத்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. முதல் ரொட்டி செருப்பு மாதிரி தட்டையாக வந்தது. இரண்டாவதன் நடுவில் குகை. ஊருக்கெல்லாம் ரொட்டி போடுகிற மனிதர், வீட்டுச் சமையலறையில் மாவும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றார். ஈஸ்டைக் குறைத்தார். ஐஸ் தண்ணீரில் பிசைந்தார். ஃப்ரிட்ஜில் வைத்து மெதுவாகப் புளிக்கவிட்டார். தராசின் மேலிருந்த துண்டை எடுத்து உதறி, தராசை மாடிக்குக் கொண்டுபோனார். நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் தராசைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்தவள் நான்.

இதற்கிடையில் என் கால் பழைய அளவுக்கு வந்தது. பிரஷரும் இறங்கியது. "உப்பில்லாதது நிச்சயம்னா ஆரம்பிங்க. ரெண்டு துண்டு" என்றாள் டயட்டீஷியன் பெண். பிறகு என்ன நினைத்தாளோ, விரலை வைத்துத் தடிமனையும் காட்டினாள்.

மறுநாள் ரொட்டி ஒழுங்காக எழும்பி, செம்மண் நிறத்தில் வந்திருந்தது. மாஸ்டர் அதை வெட்டி, தட்டில் இரண்டு துண்டை வைத்து, என் முன்னால் நின்றார். நாத்தனார் கதவோரம் நின்றாள். கடித்தேன். மென்றேன்.

ஒன்றுமே இல்லை. மென்றுகொண்டே இருந்தேன், வாயில் ஏதோ இருக்கிறது என்பதைத் தவிர வேறு செய்தி வரவில்லை. ஆசையாகச் செய்துவிட்டு நிற்கிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? ஒரு பொய் தொண்டை வரை வந்தது. ஆனால் எனக்குப் பொய் வராது, கோபம்தான் வரும்.

"நல்லா இல்லை" என்றேன்.

"நிஜமாவா?"

"சப்புனு இருக்கு. சுத்தமா நல்லா இல்லை."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பல்லெல்லாம் தெரிய, தங்கை பக்கம் திரும்பி, "அவளுக்குப் பிடிக்கலை" என்றார். பரிசு வாங்கின மாதிரி சொன்னார். "அப்ப உப்பு இல்லை. என் கை போடலை."

இரண்டு துண்டையும் தின்று முடித்தேன். மோசமான ரொட்டியை அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டதே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் இதே பாட்டுதான். நான் முதல் கடி கடித்ததும் கீழேயிருந்து குரல் வரும், "எப்படி இருக்கு?" என்று. "சப்புனு இருக்கு" என்பேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்புவார். பூண்டைச் சுட்டு நசுக்கித் தடவினேன், மிளகு தூவினேன். கொஞ்சம் ஒப்பேற்றியது. பெருமை அடிப்பதை நிறுத்திவிட்டேன். சலூன்காரருக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரி ரொட்டி என்று கேலி செய்வதை விட்டுவிட்டார். ரொட்டி இருக்கிறது, ருசி இல்லை. அதுவே பெரிது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் கீழே கடை ரொட்டி வெந்து மணம் மேலே ஏறி வரும்போது, ஜன்னலைச் சாத்திவிட்டு வந்துதான் என் தட்டின் முன்னால் உட்கார முடிந்தது.

இப்படியே சில வாரம் போன பிறகு ஒருநாள் நாத்தனாருக்குக் காய்ச்சல், வரவில்லை. மாஸ்டர் தனியாகவே மாடியில் பிசைந்து வைத்தார். மறுநாள் காலை பூண்டை உரிக்க எனக்குச் சோம்பலாக இருந்தது. வெறும் துண்டையே எடுத்துக் கடித்தேன்.

நன்றாக இருந்தது.

கடித்தவள் அப்படியே நின்றேன். மறுபடி மென்றேன். மாவில் ஒரு மெல்லிய இனிப்பு. அதன் பின்னால் லேசான புளிப்பு. ஓரத்தில் வெந்த மணம், நாக்கிலேயே தங்கியது. வெறும் ரொட்டி, வாய் நிறைய ருசி. காவலுக்கு ஆள் இல்லாத அன்று பிசைந்தது இது. சமையலறையில் மற்றவர்களுக்கென்று உப்பு டப்பா ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கை அதைக் கண்டுபிடித்துவிட்டதா?

"எப்படி இருக்கு?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

சப்பென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இந்த இரண்டு துண்டு எனக்கு. சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் வீங்கின காலும், மூட்டையின் ஓரத்தில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"கொஞ்சம் மேல வாங்க" என்றேன்.

படியேறி வந்தார். கையெல்லாம் மாவு. என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நல்லா இருக்கா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"ரொம்ப நல்லா இருக்கு."

அவர் உப்பு டப்பாவைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் போடலைம்மா. போட்ட மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா எனக்கு எப்பத்தான் ஞாபகம் இருந்தது?" என்றார். பிறகு தட்டிலிருந்து நான் கடித்த துண்டையே எடுத்தார். இத்தனை நாளில் அந்த ரொட்டியை அவர் வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு கடி. மென்றார். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகம் கோணிக்கொண்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். தண்ணீரை எடுத்துக் குடித்துத்தான் உள்ளே தள்ளினார்.

"இதுல உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை" என்றார். "இதையா உனக்குத் தினமும் கொடுத்தேன்? இதையா நீ முகம் சுளிக்காம தின்னுட்டிருந்தே?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். என் காரணம் வேறு. துண்டு இன்னும் அவர் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் குப்பைக்கூடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அதைக் கொடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டேன். "உங்களுக்கு ருசி தெரியலைன்னா விடுங்க. எனக்கு ரெண்டே துண்டுதான்."